பலமா எறி என்று இனிச் சொல்லமாட்டேன்



கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் பாடசாலையின் பெற்றோரும் பழைய மாணவர்களும் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் ஒரு சின்ன உதவியும் கேட்கப் போகிறேன்.

கடந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் பரிதிவட்டம் எறிதலுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். தட்டெறிதல் என்றும் சொல்வோமே, அதுதான். நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை, வரலாறு படிப்பிப்பவன். ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் உடற்கல்வி விரிவுரை என்றால் பின்வரிசையைத் தேடிப் போனவன். ஆனால் ஆளில்லாத இடத்துக்கெல்லாம் அழைக்கப்படுவது வரலாற்று ஆசிரியர்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

தரம் 10 மாணவி ஒருத்தி. மெலிந்த உடம்பு, நீண்ட கை. முதல் எறிதல் பதினேழு மீற்றர் அளவில் விழுந்தது. "பலமா எறிங்க மகள்" என்றேன். இரண்டாவது அதைவிடக் குறைவு. "இன்னும் பலமா!" என்று கத்தினேன். மூன்றாவது எறிதல் பக்கவாட்டில் போய், பிள்ளைகள் நின்ற கயிற்றுக்குக் கிட்ட விழுந்தது. யாருக்கும் படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள்.

அடுத்த நாள் அவளுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சேர், நீங்க புள்ளைக்கு எறியப் படிச்சுக் கொடுத்தீங்களா, இல்லாட்டி எறியச் சொன்னீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவே தேடி வாசிக்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த வழி வரலாறுதான். அதனால் அந்தத் தட்டு எப்படி இவ்வளவு தூரம் பறக்கக் கற்றது என்பதையே தேடிப் போனேன். கிடைத்ததை உங்களோடு பகிர்கிறேன்.

*

பரிதிவட்டம் பண்டைய கிரேக்கர்களின் விளையாட்டு. அவர்களுடைய பழைய காப்பியங்களிலேயே அது வருகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் மைரன் என்ற சிற்பி, தட்டெறியும் வீரனை வெண்கலத்தில் வார்த்தார். அந்த மூலச் சிலை இன்று இல்லை. ரோமர்கள் பளிங்கில் செய்த பிரதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. எங்கள் வரலாற்றுப் புத்தகங்களிலும், விளையாட்டுச் சான்றிதழ்களின் மூலையிலும் குனிந்து நிற்கும் உருவம் அதுதான்.

1896இல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் ஆரம்பமானபோது பரிதிவட்டத்தில் கிரேக்கர்களே வெல்வார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் அந்தச் சிலையை ஒட்டி, அழகாக நின்று எறிந்தார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ரொபர்ட் கரெட் என்ற மாணவர் வந்திருந்தார். ஊரில் அவருக்கு உண்மையான தட்டுக் கிடைக்கவில்லை. கேள்விப்பட்டதை வைத்து ஒன்றைச் செய்வித்தார். அது தூக்கவே கஷ்டமான பாரமாக இருந்ததால் அந்த எண்ணத்தையே விட்டிருந்தார். ஏதென்ஸில் உண்மையான தட்டு இரண்டு கிலோ அளவுதான் என்று கண்டதும் போட்டியில் இறங்கினார். ஆரம்ப எறிதல்கள் எங்கெங்கோ போயின என்று சொல்வார்கள். கடைசியில் 29.15 மீற்றர். கிரேக்க வீரரை 20 சென்ரிமீற்றர் அளவில் முந்தித் தங்கம் வென்றார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்த கதை.

அந்தச் சிலையின் மேல் இருந்த மதிப்பினால், 1906 ஏதென்ஸ் போட்டியிலும் 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் பரிதிவட்டத்தை இரண்டு போட்டிகளாக நடத்தினார்கள். ஒன்று "கிரேக்க பாணி". சிலையைப் போல நின்று, குனிந்து, நிமிர்ந்து எறிய வேண்டும். மற்றது "சுதந்திர பாணி". வட்டத்துக்குள் விரும்பியபடி சுழன்று எறியலாம். 1908இல் இரண்டிலும் வென்றவர் ஒருவரே. அயர்லாந்தில் பிறந்த அமெரிக்கர் மார்ட்டின் ஷெரிடன். கிரேக்க பாணியில் அவர் எறிந்தது 38.00 மீற்றர். சுதந்திர பாணியில் 40.89 மீற்றர்.

யோசித்துப் பாருங்கள். அதே மனிதர், அதே கை, அதே ஒலிம்பிக். உடல் அசைந்த முறை மட்டும் வேறு. வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று மீற்றர். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பரிசோதனை செய்யச் சொல்வார்களே, ஒலிம்பிக் அதைத் தெரியாமலே செய்து காட்டிவிட்டது. 1908க்குப் பிறகு கிரேக்க பாணி ஒலிம்பிக்கில் இல்லை.

*

பிறகு சுழற்சியே ஒரு கலையாக வளர்ந்தது. எறியும் வட்டம் 2.5 மீற்றர் விட்டம் என்று நிலைத்தது. 1912இல் ஜேம்ஸ் டங்கன் எறிந்த 47.58 மீற்றர் முதலாவது உத்தியோகபூர்வ உலக சாதனையானது. 1924, 1928 ஒலிம்பிக்குகளில் வென்ற பட் ஹவுசர், முன்பாதத்தில் நின்று ஒன்றரைச் சுற்றுச் சுழலும் முறையைப் பிரபலமாக்கினார். இன்றைய எறிதலின் அடிப்படை அதுதான்.

சுழன்றால் ஏன் தூரம் கூடுகிறது? கண்டியில் இருக்கும் எங்களுக்கு இதை விளக்கப் புத்தகமே தேவையில்லை. எசல பெரஹரவின் முன்னால் சாட்டை அடித்துக்கொண்டு வருபவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். அவர்கள் சாட்டையின் நுனியைப் பிடித்து ஆட்டுவதில்லை. தடித்த பக்கத்தைப் பிடித்து வீசுகிறார்கள். அசைவு தடித்த பகுதியிலிருந்து மெல்லிய பகுதிக்கு ஓடுகிறது. ஓட ஓட வேகம் கூடுகிறது. கடைசியில் நுனி வெடிக்கிறது.

எறிபவரின் உடலும் அப்படித்தான். தடித்த பக்கம் கால். பிறகு இடுப்பு, நெஞ்சு, தோள், கை. கடைசி நுனி சுட்டுவிரல். இந்த ஒழுங்கில் ஒவ்வொன்றும் முன்னையதிடமிருந்து வேகத்தை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும். கையை முதலில் இழுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். காலும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலையைத் தோள் மட்டும் சுமக்கும். என் மாணவியின் தோளுக்கு நடந்தது அதுதான். நான் "பலமா" என்று கத்தக் கத்த, பிள்ளை கையைத்தான் இறுக்கினாள்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். எறிதலின் தூரம், தட்டு கையை விட்டுப் போகும் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். வேகம் 10 வீதம் கூடினால் தூரம் ஏறத்தாழ 21 வீதம் கூடும். இருபது மீற்றர் எறியும் பிள்ளை இருபத்துநான்கு மீற்றருக்குப் போகும். அந்தப் பத்து வீதத்தை ஒரு தவணைக்குள் தசையை வளர்த்துச் சேர்ப்பது கஷ்டம். கால் வைக்கும் ஒழுங்கைத் திருத்திச் சேர்க்கலாம்.

*

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அல் ஓர்ட்டர். நியூயோர்க் பக்கத்துப் பையன். பாடசாலைக் காலத்தில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ எறிந்த தட்டு அவர் காலடியில் வந்து விழுந்ததாம். எடுத்துத் திருப்பி எறிந்தார். அது எறிந்தவர்களின் தலைக்கு மேலாகப் போய்விட்டது. பயிற்றுநர் கூப்பிட்டார்.

1956 மெல்போர்னில் 56.36 மீற்றர். 1960 ரோமில் 59.18. 1964 டோக்கியோவில் 61.00. 1968 மெக்சிக்கோவில் 64.78. நான்கும் தங்கம், நான்கும் அந்நேரத்து ஒலிம்பிக் சாதனை. டோக்கியோவில் விலாப் பகுதி கிழிந்து, நோவோடுதான் எறிந்தார். இத்தனைக்கும் அவருடைய வாழ்நாளின் மிக நீண்ட எறிதலான 69.46 மீற்றர் வந்தது 1980இல். அப்போது அவருக்கு வயது 43. பலம்தான் எல்லாம் என்றால், நாற்பதைத் தாண்டியவர் தன் இருபத்தைந்து வயதை எப்படி வென்றார்?

பெண்களின் கதையும் உண்டு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மெய்வல்லுநர் போட்டிகள் முதன்முதலாகத் திறக்கப்பட்டது 1928 அம்ஸ்டர்டாமில். கொடுத்தது ஐந்தே ஐந்து நிகழ்ச்சிகள். அதில் ஒன்று பரிதிவட்டம். போலந்தின் ஹலினா கோனோபாட்ஸ்கா 39.62 மீற்றர் எறிந்து, உலக சாதனையோடு வென்றார். "இது பொம்பளப் புள்ளைகளுக்குச் சரிவராத விளையாட்டு" என்று இன்றும் சொல்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்திய பதில்.

ஆண்கள் சாதனை இன்று 75.56 மீற்றர். லித்துவேனியாவின் மிகொலாஸ் அலெக்னா 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள ரமோனாவில் எறிந்தது. அதற்கு முந்திய வருடம் அதே இடத்தில்தான், கிழக்கு ஜேர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986இல் வைத்த 74.08 மீற்றரை முறியடித்தார். கிட்டத்தட்ட 38 வருடம் அசையாமல் இருந்த சாதனை அது.

ஏன் ரமோனா? காற்று. திறந்த வெளி, பலமான காற்று. எங்கள் பிள்ளைகள் காற்று பின்னாலிருந்து தள்ளினால் நல்லது என்று நினைக்கிறார்கள். பரிதிவட்டத்துக்கு அது தலைகீழ். அளவான எதிர்க்காற்று தட்டின் கீழ்ப்பக்கத்தைத் தாங்கி, விமானச் சிறகைப் போல அதைக் கூட நேரம் மேலே வைத்திருக்கும். ஆனால் தட்டின் முன்விளிம்பை அளவுக்கு மேல் தூக்கி எறிந்தால் அதே காற்று அதை நிறுத்திக் கீழே போட்டுவிடும்.

உண்மையையும் மறைக்கக் கூடாது. 29இலிருந்து 75 வரை வந்த தூரம் முழுவதும் முறையினால் மட்டும் வந்ததில்லை. சீமெந்துத் தரை, நல்ல சப்பாத்து, பாரம் தூக்கும் பயிற்சி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. 1970களிலும் 80களிலும் ஊக்கமருந்தும் சேர்ந்தது. கிழக்கு ஜேர்மனியில் அது அரசாங்கத் திட்டமாகவே நடந்தது என்பது பின்னர் வெளிவந்த உண்மை. நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியதும் கொடுக்க வேண்டியதும் முறை ஒன்றைத்தான்.

*

இன்னொரு தட்டும் இருக்கிறது. கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பிரிஸ்பி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிஸ்பி என்ற பேக்கரியின் வெற்றுத் தகரத் தட்டுகளை மாணவர்கள் எறிந்து விளையாடியதிலிருந்து வந்த பெயர் அது. பிரெட் மொரிசன் என்பவர் கேக் தட்டை எறிந்து விளையாடும்போது, ஐந்து சதப் பெறுமதியான அந்தத் தட்டுக்குக் கடற்கரையில் ஒருவர் 25 சதம் தருகிறேன் என்றாராம். வியாபாரம் பிறந்தது. 1957இல் வாம்-ஓ நிறுவனம் பிளாஸ்டிக் தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1970களின் நடுவில் எட் ஹெட்ரிக் என்பவர் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் "டிஸ்க் கோல்ப்" மைதானம் அமைத்தார். கோல்ப் மாதிரியே, ஆனால் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை.

அந்த மெல்லிய தட்டை 2016இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் என்ற இளைஞர் 338 மீற்றர் தூரம் எறிந்தார். நம்ப முடிகிறதா? இலேசான தட்டு என்பதால் அங்கே பின்காற்றைத் தேடிப் போகிறார்கள். எறிவதும் புறங்கை வீச்சில். ஆனால் பாடம் அதேதான். புதிதாக வருபவர் எல்லோரும் கையால் இழுக்கிறார்கள், தட்டு அறுபது மீற்றரில் சரிந்து விழுகிறது. முன்காலை ஊன்றி, இடுப்பு திரும்பிய பிறகு கையை வரவிடுபவருக்குத் தட்டு தானாகப் போகிறது. இரண்டு கிலோ இரும்புக்கும் கால் கிலோவும் இல்லாத பிளாஸ்டிக்குக்கும் ஒரே இலக்கணம்.

*

எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

தொலைக்காட்சி மகாபாரதத்தில் பீமனாக நடித்தவரை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர் பிரவீன் குமார். 1966, 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டுகளில் பரிதிவட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றவர். நடிப்புக்கு முன்னரே உண்மையான வீரர்.

கண்டிக்கும் பெருமை உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற டங்கன் வைட், எங்கள் திரித்துவக் கல்லூரியின் மாணவர். தடைதாண்டலும் முறையின் விளையாட்டுத்தான். எந்தக் காலால் தாண்டுவது, இடையில் எத்தனை அடி வைப்பது என்ற கணக்கு.

எறிதலில் எங்கள் நாட்டின் மிகப் பெரிய பெயர் தினேஷ் பிரியந்த ஹேரத். இராணுவ வீரர். 2008 டிசம்பரில் போர்க்களத்தில் கையில் படுகாயம் அடைந்தவர். அதன் பிறகுதான் ஈட்டியைத் தூக்கினார். 2016 ரியோ பராலிம்பிக்கில் 58.23 மீற்றர், வெண்கலம். 2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் 67.79 மீற்றர், உலக சாதனையோடு தங்கம். பராலிம்பிக்கில் இலங்கையின் முதல் தங்கம் அது. ஐந்து வருடத்தில் ஒன்பதரை மீற்றர் கூடியிருக்கிறது. எறிதலில் மறுகைக்கும் வேலை உண்டு. அது உடலைத் திறந்து, பிறகு இறுக்கி மூடிக் கொடுக்கும். அந்தக் கையில் காயப்பட்டவர் மற்ற ஒவ்வொரு அசைவையும் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

2025 செப்டெம்பரில் டோக்கியோ உலக சம்பியன்ஷிப் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டியில் எங்கள் ருமேஷ் தரங்க பத்திரகே 84.38 மீற்றர் எறிந்து ஏழாம் இடம் பெற்றார். எட்டாவதாக வந்தவர் நீரஜ் சோப்ரா. இந்த நாட்டிலிருந்து தூரம் எறியலாம் என்பதற்கு இனி யாருக்கும் ஆதாரம் தேவையில்லை.

*

இவ்வளவையும் வாசித்துவிட்டு அந்தப் பிள்ளையிடமும் உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். தோள் சுகமான பிறகு, உம்மாவின் சம்மதத்தோடு மறுபடி தொடங்கினோம். ஒரு மாதம் தட்டையே தொடவில்லை. சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் வட்டம் கீறி, காலடிகளை மட்டும் பழகினோம். இதை மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். வலக்கைக்காரருக்கான முறை இது.

1. தட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். விரல்களின் கடைசி மூட்டில் அது தங்கினால் போதும். பெருவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

2. எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பாரத்தை இடக்காலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுழற்சி. அவசரம் வேண்டாம்.

3. வலக்கால் வட்டத்தின் நடுவில் முன்பாதத்தில் இறங்கி, நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். இடக்கால் உடனே முன்னால் ஊன்ற வேண்டும்.

4. இடக்கால் ஊன்றியதும் இடப்பக்கம் சுவர் மாதிரி நிற்க, வலது இடுப்பு அதைச் சுற்றி வர வேண்டும். கை இன்னும் பின்னாலேயே நீண்டிருக்க வேண்டும்.

5. கை கடைசியில் வரட்டும். தட்டு சுட்டுவிரலால் உருண்டு வெளியேற வேண்டும். 35 முதல் 40 பாகை உயரம் போதும்.

முதல் வாரங்களில் தூரம் குறைந்தது. பிள்ளை அழுதாள். "சேர், முந்தி இதைவிடக் கூட எறிஞ்சேனே" என்றாள். கிரேக்கச் சிலையின் கதையைச் சொன்னேன். பழகிய முறையை விடுவது ஒலிம்பிக் நடத்தியவர்களுக்கே கஷ்டமாக இருந்தது மகள், உனக்கு இருக்காதா என்றேன். மூன்றாம் மாதம் ஒரு பின்னேரம் தட்டு சத்தமே இல்லாமல் கையை விட்டுப் போனது. நான் நாடாவைப் பிடித்து இரண்டு தரம் அளந்தேன். பழைய தூரத்தைவிட ஐந்து மீற்றருக்கு மேல். அவள் செய்த முதல் வேலை தோளைத் தடவிப் பார்த்தது. நோவில்லை என்று சிரித்தாள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். எங்கள் மைதானத்தில் எறிவதற்கென்று வட்டம் இல்லை. மழை பெய்தால் மண் வழுக்குகிறது. சுற்றிவர வலை இல்லை. கடந்த வருடம் அந்தத் தட்டு இரண்டு அடி தள்ளி விழுந்திருந்தால் இந்தப் பதிவையே நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். 2.5 மீற்றர் விட்டத்தில் ஒரு சீமெந்து வட்டம், சுற்றி நிறுத்த இரும்புக் கம்பங்கள், ஒரு பலமான வலை. பெரிய செலவில்லை. பழைய மாணவர்களில் மேசன் வேலை, ஒட்டு வேலை தெரிந்தவர்கள் ஒரு சனிக்கிழமை தந்தாலே பாதி முடிந்துவிடும். வலை எழும்பும்வரை பயிற்சியில் ஒருவர் எறியும்போது மற்ற எல்லோரும் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

பெற்றோரே, பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, வாரத்தில் இரண்டு நாள் பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் விடுங்கள். ஒரு டீச்சரும் கூட இருப்பார். அஸருக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

உதவ விரும்புபவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது அதிபரைச் சந்தியுங்கள். அந்த உம்மா கேட்ட கேள்விக்கு அடுத்த விளையாட்டுப் போட்டியிலாவது "படிச்சுக் கொடுத்தேன்" என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.